தொழில் நண்பர்களிடம் தீனை எடுத்துச் சொன்ன புடவை வியாபாரி: அபூபக்ர் ஸித்தீக் (ரழி)

சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் முஸ்லிம். மற்றவர்கள் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகிறார்கள். ஆனால் தீனைப் பற்றி அவர்களிடம் இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லையாம். பேசாமல் இருந்தால் நாளை மறுமையில் கேள்வி வருமோ என்று ஒரு பயம். பேசினால் இருக்கிற நட்பும் கெட்டுப்போகுமோ என்று இன்னொரு பயம். நாட்டு நிலைமை வேறு. என்ன செய்யலாம் என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. இதே விடயத்தில் நானும் ஒருமுறை தவறு செய்தவன்.

நான் அரச உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் எனது பக்கத்து மேசையில் ஒரு சிங்களச் சகோதரர் இருந்தார். என்னைவிட மூத்தவர். நான் அவரை அய்யா என்பேன், அவர் என்னை நானா என்பார். வெள்ளிக்கிழமைகளில் நான் ஜும்ஆவுக்குப் போனால் எனது கவுண்டரையும் அவரே பார்த்துக்கொள்வார். நோன்பு மாதத்தில் என் கண்முன்னால் தேநீர்கூடக் குடிக்கமாட்டார். ஏன் தண்ணீரும் குடிப்பதில்லை, பிறை தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் அவராகவே கேட்பார். ஒரு நாள் நான் ஒரு பயான் கேட்டுவிட்டு வந்த உற்சாகத்தில் அவருக்குச் சிங்களப் புத்தகங்கள் சிலவற்றைக் கொடுத்தேன். வாசித்தீர்களா என்று வாரா வாரம் விசாரித்தேன். கடைசியில் மற்ற உத்தியோகத்தர்கள் பார்த்திருக்க அவருடைய வணக்கத்தைப் பற்றி வாதம் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் எனது கவுண்டரைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு என்னிடம் மார்க்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த இளைஞரின் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்களின் வரலாற்றை மீண்டும் எடுத்து வாசித்தேன். அவரை நாம் பெரும்பாலும் முதலாவது கலீபாவாகவும் குகைத் தோழராகவுமே நினைவுகூர்கிறோம். அவர் சந்தையில் பிழைத்த ஒரு மனிதர் என்பதும், தன்னோடு தொழில் செய்தவர்களிடமும் பழகியவர்களிடமும்தான் முதலில் தீனைச் சொன்னார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மக்காவின் புடவை வியாபாரி

அவருடைய இயற்பெயர் அப்துல்லாஹ். தந்தை உஸ்மான், மக்கள் அழைத்தது அபூ குஹாஃபா என்று. தாய் ஸல்மா, உம்முல் கைர் என்று அறியப்பட்டவர். குறைஷிகளில் பனூ தைம் என்ற கிளை. இது பெரிய அதிகாரம் படைத்த கிளையல்ல. நபி (ஸல்) அவர்களைவிட இரண்டு வயதளவில் இளையவர். ஏறத்தாழ கி.பி. 573இல் மக்காவில் பிறந்தார்.

தொழில் புடவை வியாபாரம். ஷாம் தேசம் வரை கூட்டத்தோடு பயணம் போய் வருவார். இஸ்லாத்தைத் தழுவும்போது அவரிடம் 40,000 திர்ஹம்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

செல்வத்தைவிட அவருடைய நாணயமே பெரிதாக இருந்தது. கொலைக்கு நஷ்டஈடு செலுத்தவேண்டி வந்தால் அதற்குப் பொறுப்பேற்கும் வேலை குறைஷிகளிடையே அவருடைய கிளைக்கு உரியது. அபூபக்ர் ஒரு நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு நின்றால் குறைஷிகள் அதனை ஏற்றுக்கொள்வார்கள். இன்னொருவர் நின்றால் தயங்குவார்கள். அரபுக் குலங்களின் வம்சாவழியை அவரைப்போல் அறிந்தவர் மக்காவில் குறைவு. யாருடைய பாட்டனார் என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதை வைத்து எவரையும் குத்திக் காட்டமாட்டார். ஜாஹிலிய்யாக் காலத்திலேயே மதுவைத் தொடாதவர். ஆகவே வியாபாரத்துக்காகவும் ஆலோசனைக்காகவும் சும்மா இருந்து பேசுவதற்காகவும் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

கி.பி. 610இல் நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ வந்தது. அச்செய்தியைக் கேட்டதும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டவர் அபூபக்ர் (ரழி). அப்போது அவருக்கு முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதிருக்கும்.

முதலில் யாரிடம் சொன்னார்?

அவர் சந்தைக்கு நடுவில் ஏறி நின்று கூவவில்லை. தன்னிடம் வந்து உட்கார்ந்து பேசுபவர்களில், தனக்கு நம்பிக்கையானவர்கள் என்று கண்டவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார் என்றே ஆரம்பகால ஸீரா ஆசிரியரான இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார்.

அப்படி அவர் மூலமாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள். உஸ்மான் பின் அஃப்பான் (ரழி). அவரும் ஒரு வியாபாரி. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி). வெறுங்கையோடு மதீனா சேர்ந்து, சந்தை எங்கே என்று கேட்டு மீண்டும் செல்வந்தரான வியாபாரி. தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரழி). அபூபக்ரின் அதே பனூ தைம் கிளையைச் சேர்ந்த வியாபாரி. ஸுபைர் பின் அவ்வாம் (ரழி), ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரழி) இருவரும் இளைஞர்கள். ஸஅத் அம்பு செய்யும் தொழிலாளி. சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இந்த ஐவரும் அடங்குவர்.

தல்ஹா (ரழி) வந்த விதம் கவனிக்கத்தக்கது. அவர் வியாபாரத்துக்காக ஷாமின் புஸ்ரா நகரச் சந்தையில் இருந்தபோது, ஒரு நபி தோன்றும் காலம் இது என்று ஒரு துறவி சொல்லக் கேட்டு அவசரமாக மக்கா திரும்பியதாக ஓர் அறிவிப்பு உண்டு. மக்காவில் விசாரித்தபோது, முஹம்மத் (ஸல்) அவர்கள் தாம் நபி என்கிறார், அபூபக்ரும் அவரைப் பின்பற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டார். உடனே அவர் போனது அபூபக்ரிடம். உண்மைதானா என்று கேட்டார். அபூபக்ர் ஆம் என்று சொல்லி அவரை நபியவர்களிடம் அழைத்துச் சென்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னரே அவர்மீதிருந்த நம்பிக்கை தல்ஹாவை அவரிடம் கொண்டுவந்துவிட்டது. பல வருடச் சந்தை வாழ்க்கையில் சேர்ந்த நம்பிக்கை அது.

இதிலிருந்து, நல்லவனாக நடந்தால் போதும், வாயால் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று நாம் முடிவு கட்டிவிடக்கூடாது. அபூபக்ர் (ரழி) சொன்னார். தெளிவாகவே சொன்னார். அதற்கு விலையும் கொடுத்தார். அவரையும் தல்ஹாவையும் நவ்ஃபல் பின் குவைலித் என்பவன் ஒரே கயிற்றில் கட்டிப்போட்டான். அவர்களுடைய சொந்தக் கிளையினர்கூட விடுவிக்க முன்வரவில்லை. ஒன்றாகப் பிணைக்கப்பட்ட இருவர் என்று அவர்களுக்கு ஒரு பெயரே வந்தது.

அவருடைய 40,000 திர்ஹம்களும் கரையத் தொடங்கின. பிலால் (ரழி), ஆமிர் பின் ஃபுஹைரா (ரழி), ஸின்னீரா (ரழி) உட்பட சித்திரவதை செய்யப்பட்ட அடிமைகள் ஏழு பேரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். செலவழிப்பதுதான் என்றால் பலசாலிகளை விடுதலை செய்தால் உனக்குப் பாதுகாப்பாக இருப்பார்களே என்று தந்தை அபூ குஹாஃபா ஒரு வியாபாரியின் கணக்கில் கேட்டார். நான் நாடுவது அல்லாஹ்விடம் உள்ளதை மட்டுமே என்று மகன் பணிவாகச் சொன்னார். ஹிஜ்ரத்தின்போது அவரிடம் மிஞ்சியிருந்தது சுமார் 5,000 திர்ஹம்கள்.

முற்றத்தில் ஒரு தொழுமிடம்

மக்காவில் துன்பம் எல்லை மீறியபோது அபூபக்ர் (ரழி) அபிசீனியாவை நோக்கிப் புறப்பட்டார். வழியில் பர்குல் கிமாத் என்ற இடத்தில், காரா கோத்திரத்தின் தலைவர் இப்னுத் துஃகுன்னா அவரைக் கண்டார். அவர் முஸ்லிம் அல்லர். ஆனால் விடயத்தைக் கேட்டதும் அவருக்குத் தாங்கவில்லை. இல்லாதவர்களுக்கு உதவுகிறவர், உறவைப் பேணுகிறவர், மற்றவர் சுமையைத் தாங்குகிறவர், விருந்தாளியை உபசரிக்கிறவர், இப்படிப்பட்டவர் ஊரைவிட்டுப் போகவும் கூடாது, விரட்டப்படவும் கூடாது என்று சொல்லி, தன்னுடைய பாதுகாப்பில் அவரை மக்காவுக்கே திருப்பி அழைத்து வந்தார். குறைஷித் தலைவர்களிடம் அவரே போய்ப் பேசினார்.

குறைஷிகள் ஒரு நிபந்தனை விதித்தார்கள். அபூபக்ர் தன் வீட்டுக்குள் தொழலாம், ஓதலாம், வெளியில் கூடாது. சிறிது காலம் அப்படியே நடந்தது. பின்னர் அவர் தன் வீட்டு முற்றத்தில் ஒரு தொழுமிடம் அமைத்துக்கொண்டார். அங்கே நின்று குர்ஆன் ஓதுவார். ஓதும்போது கண்ணீரை அடக்க அவரால் முடியாது. இணைவைப்பாளர்களின் பெண்களும் பிள்ளைகளும் அவரைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். எவரையும் அவர் கூப்பிட்டு நிறுத்தவில்லை. தன் இறைவனை அவர் உண்மையாக வணங்கினார், பார்த்தவர்கள் நின்றார்கள்.

குறைஷிகள் பதறிப்போய் இப்னுத் துஃகுன்னாவிடம் முறையிட்டார்கள். அவர் வந்து, ஒன்றில் நிபந்தனைப்படி நடந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எனது பாதுகாப்பைத் திருப்பித் தாருங்கள், நான் கொடுத்த வாக்கு முறிக்கப்பட்டதாக அரபிகள் பேசக்கூடாது என்றார். அபூபக்ர் (ரழி) கோபிக்கவில்லை. வாதிடவுமில்லை. அந்தப் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அல்லாஹ்வின் பாதுகாப்பே தனக்குப் போதும் என்றார். தன் வணக்கத்தையும் விடவில்லை, தனக்கு உதவிய மாற்று மதத்தவரின் மானத்தையும் பணயம் வைக்கவில்லை. ஆபத்தைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார். காரியாலயத்தில் நமக்காகப் பேசும் ஒரு மேலதிகாரியை, நமக்காக வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு சக ஊழியரை நினைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தை வாசித்தால் அதன் கனம் விளங்கும்.

நூறு ஒட்டகமும் ஒரு வழிகாட்டியும்

622இல் ஹிஜ்ரத். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ரும் ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அவர்களைப் பிடித்துக் கொடுப்பவருக்கு, தலைக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷிகள் அறிவித்தார்கள்.

மதீனாவுக்குப் பாதை காட்ட அவர்கள் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அன்று குறைஷிகளின் மதத்திலேயே இருந்தவர். அவரிடம் இரண்டு ஒட்டகங்களையும் முன்கூட்டியே ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் குகையடிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் குகை இருக்குமிடத்தைக் குறைஷிகளிடம் சொல்லியிருந்தால் பெரும் செல்வந்தராகியிருப்பார். சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார், கரையோரப் பாதையால் அவர்களைப் பத்திரமாக அழைத்துச் சென்றார். நம் மார்க்கத்தில் இல்லாத ஒருவரின் தொழில் நேர்மையை நபி (ஸல்) அவர்களும் அவர்களின் நெருங்கிய தோழரும் தங்கள் உயிரைக் கொடுத்து நம்பினார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் நாம் தீனைச் சொல்லப் போகுமுன், அவரிடம் உள்ள நல்லதை நாம் நம்புகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அந்தப் பயணத்தில் எதிர்ப்பட்டவர்கள் பலர் அபூபக்ரை அடையாளம் கண்டார்கள். அந்தப் பாதையில் வியாபாரத்துக்கு அடிக்கடி போய் வந்தவர் அல்லவா! கூட இருப்பவர் யார் என்று கேட்டால், எனக்கு வழிகாட்டுபவர் என்பார். கேட்டவர்கள் பாலைவனப் பாதையை நினைத்தார்கள். அவர் நினைத்தது நேர்வழியை.

சொந்த வீட்டில் இருபது வருடம்

அபூபக்ரின் வாழ்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அவருடைய வீடுதான். உஸ்மானையும் தல்ஹாவையும் போன்றவர்களை இஸ்லாத்துக்கு அழைத்து வந்த அவரால் தன் மகன் அப்துர் ரஹ்மானை அழைத்து வர முடியவில்லை. 624இல் பத்ருக் களத்தில் தந்தை முஸ்லிம்களின் அணியில் நின்றார். மகன் குறைஷிகளின் அணியில் நின்றார். ஹுதைபிய்யா உடன்படிக்கைக் காலத்தில்தான் மகன் இஸ்லாத்தைத் தழுவினார்.

தந்தை அபூ குஹாஃபா மக்காவிலேயே இருந்தார். பார்வை இழந்த முதியவர். 630இல் மக்கா வெற்றியின்போது மகன் அவரைக் கையைப் பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார். பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, நானே வந்திருப்பேனே என்று நபியவர்கள் மரியாதையோடு சொன்னார்கள். அன்றுதான் அவர் இஸ்லாத்தை ஏற்றார். மகன் ஏற்று ஏறக்குறைய இருபது வருடங்களுக்குப் பிறகு! அந்த இருபது வருடமும் அவர் தந்தையாகவே இருந்தார், மகன் மகனாகவே இருந்தார்.

அபூபக்ர் முன்னர் விவாகரத்துச் செய்திருந்த குதைலா இணைவைப்பிலேயே இருந்தார். உடன்படிக்கைக் காலத்தில் அவர் மகள் அஸ்மாவைப் பார்க்க மதீனா வந்தார். இந்தத் தாயோடு உறவைப் பேணலாமா என்று அஸ்மா (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். பேணுமாறு நபியவர்கள் கூறினார்கள்.

இறுதியில் தந்தை, அபூபக்ர், மகன், பேரன் என்று நான்கு தலைமுறை ஸஹாபாக்களைக் கொண்ட சிறப்பு இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. ஆனால் அது அபூபக்ரின் நாவன்மையால் கிடைத்ததல்ல. இதயங்களைத் திருப்புவது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. எடுத்துச் சொல்வதும், பதில் எதுவானாலும் உறவை அறுக்காமல் இருப்பதும் மட்டுமே நமது கையில் இருக்கின்றன.

கலீபாவான பிறகும் புடவை மூட்டை

632இல் நபி (ஸல்) அவர்கள் மறைந்த பின் அபூபக்ர் (ரழி) கலீபாவானார். மறுநாள் காலையில் தோளில் புடவைகளைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார். வழியில் கண்ட உமர் (ரழி), முஸ்லிம்களின் பொறுப்பை ஏற்றபின் இது எப்படிச் சரிவரும் என்று தடுத்தார். என் பிள்ளைகளுக்கு நான் எதைக் கொடுப்பது என்பதே அவருடைய பதில். பின்னர்தான் பைத்துல் மாலிலிருந்து அவருக்கு ஒரு படி நிர்ணயிக்கப்பட்டது. முன்னர் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆடு கறந்து கொடுப்பவர். கலீபாவானபின் இனிக் கறந்து தரமாட்டார் என்று ஒரு சிறுமி கவலைப்பட்டபோது, தொடர்ந்து கறந்து கொடுத்தார். ஷாமுக்குப் படை அனுப்பும்போது பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் கொல்லக்கூடாது, மடங்களில் ஒதுங்கியிருக்கும் துறவிகளை அவர்கள்பாட்டில் விட்டுவிடவேண்டும் என்று கட்டளையிட்டார். அதிகாரம் வந்தபோதும் மாற்று மதத்தவரோடு அவர் நடந்துகொண்ட முறை மாறவில்லை.

634இல், தனது 63ஆவது வயதில் அவர் காலமானார். பைத்துல் மாலிலிருந்து தன்னிடம் வந்து சேர்ந்தவற்றை அடுத்த கலீபாவிடம் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார். தன்னைப் பழைய துணியிலேயே கபனிடச் சொன்னார், புதிய துணி உயிரோடிருப்பவர்களுக்குத்தான் அதிகம் தேவை என்றார். துணி வியாபாரம் செய்து வாழ்ந்தவரின் கடைசி ஆசை அது. வயோதிபத் தந்தை அபூ குஹாஃபா மகனுக்குப் பின்னும் சில மாதங்கள் உயிரோடிருந்தார்.

நமது காரியாலயங்களில்

அடுத்த ஜும்ஆவில் அந்த இளைஞரைத் தேடிப் பிடித்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள், கணக்கில் உங்கள் சொல்லை மற்றவர்கள் நம்பும்படி இருங்கள், அவர்களுடைய சுமையிலும் ஒரு பங்கை எடுங்கள். தொழுகையையும் நோன்பையும் மறைக்காதீர்கள். யாராவது கேட்டால் தயங்காமல் தெளிவாகச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள். மனம் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் நீங்களாகவே பேச்செடுத்தாலும் தவறில்லை. அவர் ஏற்காவிட்டால் அடுத்த நாளும் அவரோடு ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவருடைய நம்பிக்கையை மற்றவர்கள் முன்னால் சங்கடப்படுத்தாதீர்கள். பெரியவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் இதில் இன்னும் கவனம் தேவை. நீங்கள் நாளை ஓர் அதிகாரியானால், உங்கள் கையொப்பத்தை எதிர்பார்த்து நிற்பவருக்கு உங்கள் பேச்சை மறுக்கும் சுதந்திரம் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

என்னுடைய அந்த அய்யாவைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அவர் இடமாற்றம் பெற்றுப் போகும் வரை எனது வெள்ளிக்கிழமைக் கவுண்டரைப் பார்த்துக்கொண்டார். அத்தனை வருடங்களில் அவருடைய போயா தினக் கடமைகளுக்காக நான் எதை விட்டுக்கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால் ஞாபகத்துக்கு ஒன்றும் வருவதில்லை. அவரிடம் புத்தகத்தை நீட்டுவதற்கு முன் நான் செய்திருக்கவேண்டியது அதைத்தான்.

நம்மோடு வேலை செய்பவர்கள் நம்மிடம் மனம் திறந்து கேள்வி கேட்கும் நிலையில் நம்மை அல்லாஹ் வைத்திருப்பானாக! அவர்கள் கேட்கும்போது அழகிய முறையில் பதில் சொல்லும் பாக்கியத்தையும் தருவானாக! ஆமீன்.